முப்பத்தொரு வீடும் ஒரு செம்மறியும்

தையல்காரியின் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்மறியாடு மேய்ந்துகொண்டிருந்தது.

நிஜ ஆடு இல்லை, கம்ப்யூட்டர் ஆடு. சதுரத் தலை, சதுர உடம்பு, நாலு குச்சிக் கால். வார்டு அலுவலக மாடி ஹாலில் எட்டு கம்ப்யூட்டர் போட்டு, 'உங்கள் பூங்காவை நீங்களே கட்டுங்கள்' என்று துணியில் அச்சடித்துத் தொங்கவிட்டு, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். கட்டை கட்டையாக அடுக்கிச் சுவர், மரம், குளம் என்று எதை வேண்டுமானாலும் கட்டும் வீடியோ கேம் அது. அதற்குள் அவர்கள் ஏரியாவின் வரைபடத்தை அப்படியே ஏற்றியிருந்தார்கள். ஒரு கட்டை ஓர் அடி. வெள்ளி, சனி இரண்டு நாளும், ஞாயிறு காலையும் கட்டலாம். ஞாயிறு மதியம் குழு வந்து பார்க்கும். பார்த்துப் பிடித்துப்போனால் பூங்கா வரும்.

தையல்காரி மவுஸைப் பிடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மெயின் ரோட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தாள். பம்ப் ஹவுஸை அதன் இரும்பு ஏணி முதற்கொண்டு கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடச் சுவருக்கும் பம்ப் ஹவுஸ் சுவருக்கும் நடுவே அவள் வரிசை வர வேண்டும். முப்பத்தொரு வீடு. பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து எண்ணினால் பதினேழாவது அவளுடையது. அங்கே பச்சைப் பசேலென்று புல் இருந்தது. புல்லில் மஞ்சள் பூ வேறு.

"மாமா, இது நம்ம இடந்தானே?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அவள் அக்கா புருஷன். டயர் கிடங்கில் ராத்திரி வாட்ச்மேன். தூக்கம் வராமல் இருக்க எட்டு வருஷமாக இதே கேமை போனில் விளையாடுகிறவர். அரண்மனை, கப்பல், ஆகாயத்தில் தொங்கும் பாலம் என்று கட்டாதது இல்லை. சொந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்கு மட்டும் எட்டு வருஷமாகத் தாழ்ப்பாள் போடவில்லை.

"நம்ம இடந்தான்" என்றார். "ஆடு நிக்குது பாரு, அங்கதான் உன் மெஷின் இருக்கணும்."

"வீடு எங்க?"

அவர் மவுஸை வாங்கி அந்தக் கோடி வரை போனார், இந்தக் கோடி வரை வந்தார். "காணோமே" என்றார், பேனாவைத் தொலைத்தவர் மாதிரி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் முப்பத்தொரு வீட்டைப் புல்லில் மறைத்திருந்தார்கள்.

தையல்காரி கையைத் தூக்கினாள். ஹாலைச் சுற்றிவந்துகொண்டிருந்த அலுவலர் வந்தார். இளைஞர். கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை தொங்கும். அதனால் ஏரியாவில் அவருக்குக் கழுத்தட்டை என்று பெயர். கத்த மாட்டார், திட்ட மாட்டார், எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார். அவரிடம் உள்ள பெரிய தொல்லையே அதுதான். கத்துகிற அதிகாரியோடு சண்டை போடலாம். தலையாட்டுகிறவரோடு என்ன செய்வது?

"சார், எங்க வீட்ட விட்டுட்டீங்க."

கழுத்தட்டை குனிந்து பார்த்தார். "இது ரெக்கார்டு படி போட்டதுக்கா. ரெக்கார்டுல அது காலி இடம்."

"காலி இடத்துல நான் எப்படி சார் இருபத்திரண்டு வருஷமா துணி தைக்கிறேன்?"

"உங்க வருத்தம் புரியுது. ஆனா இது சர்வே இல்ல, டிசைன். இங்க சரி, தப்புன்னு எதுவும் இல்ல. இருக்கறத மறந்துட்டு, என்ன இருக்கணும்னு கனவு காணுங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அது முன்தெருக்காரர்களின் மேசை. அங்கே கனவு அமோகமாக நடந்துகொண்டிருந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேங்க் அம்மா சொல்லச் சொல்ல, அவர் மருமகன் நடைபாதை போட்டுக்கொண்டிருந்தான். பதினேழாவது வீட்டின் நடு ரூம் வழியாக ஒரு நீரூற்று எழும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க கட்டறது என் வீட்டு மேல" என்றாள் தையல்காரி.

பேங்க் அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை. ரவிக்கை தைக்க அவளிடம்தான் கொடுப்பார். "ஏன்மா எடுத்த எடுப்புலயே மல்லுக்கு நிக்கிற? பூங்கா வந்தா உனக்கும் நல்லதுதானே. சாயங்காலம் நீயும் வந்து நாலு சுத்து நடப்ப."

"எங்கேர்ந்து வந்து நடப்பேன்?"

பேங்க் அம்மா பாட்டிலைத் திறந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

தையல்காரிக்கு இருந்தது அந்த வீடு ஒன்றுதான். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். செத்துப் போகவில்லை, சும்மா போய்விட்டான். அவன் போன பிறகு ஜன்னலோரம் தரையில் போல்ட் போட்டு மெஷினை இறுக்கினாள். காலர் மாற்றுவது, பேன்ட் குட்டையாக்குவது, ஜிப் வைப்பது என்று அந்த ஜன்னலை நம்பித்தான் சோறு. பூங்கா வரைபடம் புல்லோடு போய்க் குழுவில் கையெழுத்தானால், அடுத்து வருவது புல்டோசர். காலி இடத்தைக் காலி செய்ய நோட்டீஸ்கூடத் தேவையில்லை.

ஹால் சுவரில் விதிமுறைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பூங்காவுக்குப் பணம் கொடுக்கும் வெளியாட்கள் போட்ட நிபந்தனைகள். எழுந்து போய் விரல் வைத்துப் படித்தாள். நாலாவது வரியில் விரல் நின்றது. 'குடியிருப்போர் கட்டும் எதையும் அலுவலகம் திருத்தக் கூடாது. கட்டியபடியே குழுவின் முன் வைக்க வேண்டும்.'

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, வீடு கட்டத் தெரியுமா?"

"என்னைப் பாத்துக் கேக்கிற கேள்வியா இது? எத்தனை மாடி வேணும்?"

"மாடியெல்லாம் வேணாம். நம்ம வரிசைய அப்படியே கட்டணும். ஆஸ்பெஸ்டாஸ், ஓட்டை, ஒடிசல் எல்லாத்தோடயும்."

வாட்ச்மேன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "பூங்கா கட்ட வந்த இடத்துலயா?"

"என்ன இருக்கணும்னு கனவு காணச் சொன்னாங்கல்ல? நான் கண்ட கனவு இதுதான்."

"ஆட்ட என்ன பண்றது?"

"அது பாட்டுக்கு மேயட்டும். வாசல்ல கட்டிப் போடுங்க."

அன்று சாயங்காலம் தோளில் டேப்பைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் அளவு நோட்டோடு வரிசையில் இறங்கினாள். ஊர்க்காரர்களின் இடுப்பும் மார்பும் எழுதியிருந்த நோட்டு. அதில் வீடுகளின் நீளமும் அகலமும் ஏறின.

"என்ன தையலக்கா, வரிசைக்கே சட்டை தைக்கப் போறியா?" என்றான் மூன்றாவது வீட்டு வெல்டர்.

"ஆமா. உங்க வீட்டுக்கு மட்டும் இடுப்பு பெருசு. தள்ளு, அளக்கணும்."

ஆறாவது வீட்டுக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கட்டுறதுதான் கட்டுற, எனக்கு ஒரு மாடி சேர்த்துக் கட்டேன். காசா பணமா?" என்றாள்.

"இல்லாதத கட்ட மாட்டேன்."

"அவங்க மட்டும் இல்லாத புல்லப் போடலாமா?"

"அதனாலதான் சொல்றேன்."

பதினொன்றாவது வீட்டுக்காரர் கதவைப் பாதி மட்டும் திறந்தார். சமையலறையைச் சந்துப் பக்கம் இரண்டடி நீட்டிக் கட்டியிருந்தார். அது வெளியே தெரிந்துவிடுமே என்று பயம். "என் வீட்ட மட்டும் சும்மா குத்துமதிப்பாப் போட்டுரும்மா" என்றார். "அண்ணே, ஒரு பொய் சிக்கிச்சுன்னா முப்பது உண்மையும் பொய்யாயிடும்" என்று சொல்லி உள்ளே நுழைந்து அந்த இரண்டடியையும் எழுதிக்கொண்டாள்.

ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே நின்று சுவருக்குச் சுவர் அளந்தாள். பிறகு வெளியே வந்து, இந்தப் பக்கச் சுவர் ஓரடி, அந்தப் பக்கச் சுவர் ஓரடி என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டி எழுதினாள். துணி வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் தையலுக்கு விட்டு விட்டுப் பழகிய கை. விடாமல் வெட்டினால் சட்டை போடுகிறவனுக்கு மூச்சு முட்டும். அந்தப் பழக்கம் அவளுக்கு எழுத்தை விடப் பழையது.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. அவள் நோட்டைப் பார்த்துப் படிக்க, வாட்ச்மேன் கட்டினார். ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருந்தார். கண் சிவந்திருந்தது, விரல் மட்டும் பறந்தது. சுவர், கதவு, ஜன்னல், கூரை. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம். பதினொரு மணிக்கு அக்கா வந்தாள். ஆஸ்பத்திரி சலவையறையில் வேலை. பெட்ஷீட் மடித்து மடித்துத் தோள் ஒரு பக்கம் சாய்ந்தவள். புருஷனுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எட்டு வருஷமா இதத்தான் பண்ணிட்டிருந்தீங்களா?"

"ஆமா."

"நான் கூட ஏதோ பொம்பள வீடியோ பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

ஹால் முழுக்கக் கேட்டது. வாட்ச்மேனின் காது சிவந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன ஜன்னல் விளக்கு சேர்த்து எரியவிட்டார்.

மூன்று மணிக்கு விபரீதம் தெரிந்தது. இருபத்தெட்டு வீடு எழுந்து நின்றது. இருபத்தொன்பதாவது, பாதியில் பம்ப் ஹவுஸ் சுவரில் போய் முட்டியது. மேலே கட்ட இடம் இல்லை. நோட்டில் இன்னும் இரண்டரை வீடு பாக்கி.

"முப்பதாவது எங்க?" என்றாள் அக்கா. அது அவள் வீடு.

கழுத்தட்டை வந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, வெயிலில் நடந்தவன் நிழலைப் பார்த்த மாதிரி. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அளவு உங்க இடத்துக்கே பொருந்தல. முப்பத்தொரு வீடு அங்க நிக்கவே முடியாது. ரெக்கார்டு ஏன் அப்படி இருக்குன்னு இப்ப புரியுதா?" போனை எடுத்து, பம்ப் ஹவுஸில் முட்டி நிற்கும் அந்தப் பாதி வீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"கணக்கு காட்டறதுக்குக் கூட்டிக் கட்டினா இப்படித்தான் ஆகும்" என்று முன்தெரு மேசையிலிருந்து பேங்க் அம்மாவின் மருமகன் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். கேட்டுவிட்டது.

தையல்காரிக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அளவு தப்பியது இல்லை. ஒரு கல்யாணக் கோட்டுக்குக்கூடப் பார்வையிலேயே அளவெடுத்துத் தைத்தவள். நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். கூட்டினாள். சரியாகத்தான் இருந்தது. திரும்பக் கூட்டினாள், அப்போதும் சரி.

"அப்ப என் வீடு பொய்யா?" அக்கா விடுவதாக இல்லை. "பக்கத்து வீட்டுக்காரன் நாலு மணிக்கு இருமுறான், நான் எந்திரிக்கிறேன். அவன் ஆணி அடிச்சா என் வீட்டுக் காலண்டர் கீழ விழுது. இதெல்லாம் எந்த வீட்ல நடக்குது?"

தையல்காரி நிமிர்ந்தாள்.

"அக்கா, திரும்பச் சொல்லு."

"என்னத்த? இருமறதையா?"

"ஆணி. அவன் அடிச்சா உன் காலண்டர் எப்படி விழும்?"

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். விழாம என்ன செய்யும்? நடுவுல என்ன ரோடா போட்டிருக்கு?"

தையல்காரி நோட்டை மூடினாள். வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தன் நெற்றியில் தானே இரண்டு அடி போட்டுக்கொண்டாள். நடுவில் இருப்பது ஒரு சுவர். அவள் இந்த வீட்டுக்கும் ஒன்று எழுதினாள், அந்த வீட்டுக்கும் ஒன்று எழுதினாள். துண்டு துண்டாக வெட்டினாளே தவிர, தைக்க மறந்துவிட்டாள். தைக்கும்போது இரண்டு துண்டின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாதா? முப்பது சுவர் கூடுதல். முப்பது அடி. இரண்டரை வீடு அங்கேதான் ஒளிந்திருந்தது.

"மாமா, எல்லாத்தையும் இடிங்க."

"எல்லாத்தையுமா?" வாட்ச்மேன் குரல் கம்மியது. "இது துணி இல்லம்மா, இழுத்து நகர்த்த. இடிச்சா முதல்லேர்ந்து கட்டணும். ஆறு மணிக்கு ஹாலைப் பூட்டிருவாங்க. நாளைக்கு மதியம் குழு."

"தப்பா நிக்கறத விட இடியறது மேல்."

இடித்தார்கள். கட்டை கட்டையாக இடித்து முடிக்கவே ஐந்து மணி தாண்டியது. ஆறு மணிக்கு நாலு வீடு திரும்ப எழுந்திருந்தது. கழுத்தட்டை விளக்கை அணைத்துக்கொண்டே, "பரவாயில்லக்கா, முயற்சி பண்ணீங்கள்ல" என்றார். படியில் இறங்கும்போது தையல்காரிக்கு அந்த வார்த்தைதான் செருப்பில் ஏறிய முள்ளாக உறுத்தியது. முயற்சி பண்ணினாளாம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கதவு திறந்தபோது வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். வெல்டர், ஆறாவது வீட்டுக்காரி, பதினொன்றாவது வீட்டு நீட்டுச் சமையலறை அண்ணன் எல்லாரும். கம்ப்யூட்டர் எட்டும் ஒரே வரைபடத்தில்தான் ஓடின. எந்த மேசையில் கட்டினாலும் எல்லாத் திரையிலும் தெரியும். காலியாக இருந்த நாற்காலியில் எல்லாம் உட்கார்ந்தார்கள். கேட்டுக்கொண்டு உட்காரவில்லை, உட்கார்ந்துவிட்டார்கள்.

வாட்ச்மேன் மேசை மேசையாக நடந்தார். "இடது பட்டன் இடிக்கும், வலது பட்டன் கட்டும். மாத்தி அமுக்கிட்டா பதறாதீங்க. ஒரு சுவரு, ரெண்டு வீடு. அவங்கவங்க வீட்ட அவங்கவங்க கட்டுங்க, நடுச்சுவர மட்டும் பேசி வச்சுக்குங்க."

நடுச்சுவரைப் பேசி வைத்துக்கொள்வதில்தான் ரகளை. வெல்டருக்கும் நாலாவது வீட்டுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. "அவங்ககிட்ட சொல்லுங்க, சுவத்த நான் வைக்கிறேன்னு" என்றான் அவன், எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்காமல். "வச்சுத் தொலைக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். சுவர் ஏறியது. அக்கா ஒரே விரலால் முப்பதாவது வீட்டைக் கட்டினாள், கட்டைக்கு ஒரு வசவு என்ற கணக்கில். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் மட்டும் வைக்கவில்லை. "உள்ளது உள்ளபடி" என்றாள் புருஷனைப் பார்த்து.

பதினொன்றே கால் மணிக்கு முப்பத்தொன்றாவது வீட்டின் கடைசிச் சுவர் எழுந்தது. பம்ப் ஹவுஸ் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு கட்டை இடைவெளி. நிஜத்திலும் அங்கே ஓரடிச் சந்து உண்டு. வரிசைப் பெண்கள் துடைப்பம் வைக்கும் சந்து. தையல்காரி அந்தச் சந்தைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள். பேங்க் அம்மா எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். திரும்பிப் போய், "நீரூற்ற எடுத்துடு" என்று மருமகனிடம் சொன்னார். "அத்தை, நல்லா இருக்கே" என்றான் அவன். "எடுன்னா எடு. அவ வீட்டுக்குள்ள தண்ணி போகுது."

கழுத்தட்டை தையல்காரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். பூங்காவோட வாசல்ல மூணு கடை வருது. ஒண்ணு தையல் கடைக்குன்னு நானே எழுதித் தரேன். கரண்ட், ஷட்டர், எல்லாம் இருக்கும். நீங்க மட்டும் அந்த வீடுகள எடுத்துட்டு, குழுகிட்ட எங்களுக்கும் பூங்கா வேணும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஷட்டர் போட்ட கடை. ஒரு நொடி அந்த ஷட்டரைத் தூக்கும் சத்தம்கூட அவள் காதில் விழுந்தது. பொய் சொல்வானேன், விழுந்தது.

"சார், என் வீட்டுக்கு நாலு சுவரு. அதுல ரெண்டு என்னோடது இல்ல, அக்கம்பக்கத்தோடது. அத எப்படி சார் நான் வித்துட்டு வர்றது?"

"நான் விக்கச் சொல்லலக்கா."

"அப்ப எடுத்துட்டு வரச் சொல்றீங்க. அதுக்கு வேற பேரு."

உள்ளே வந்தாள். குழுவுக்கென்று கடைசியாகச் சேமிக்கும் பட்டனை வாட்ச்மேன் அமுக்கினார். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது. 'கட்டட எண் இல்லாத கட்டடங்களைச் சேமிக்க இயலாது.'

அவர் மறுபடி அமுக்கினார். மறுபடி பெட்டி.

பின்னாலேயே வந்த கழுத்தட்டை கையை விரித்தார். "நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. மெஷின் விதி. கதவு நம்பர் இல்லாத கட்டடத்த அது எடுக்காது."

அந்த வரிசையில் எந்தக் கதவுக்கும் எண் கிடையாது. எத்தனையோ தடவை கேட்டாயிற்று. வருகிற கடிதம் எல்லாம் 'பம்ப் ஹவுஸ் பின்புறம்' என்ற ஒரே விலாசத்துக்கு வந்து, முதல் வீட்டு ஜன்னலில் குவிந்து கிடக்கும். எண் இல்லாததால் கேஸ் இணைப்பு இல்லை, கடன் இல்லை, பிள்ளைகளை எந்தக் கல்லூரியில் சேர்த்தாலும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலி.

"நம்பர் போட்டா எடுக்குமா?" என்று கேட்டாள் தையல்காரி.

"போட்டா எடுக்கும். ஆனா..." அவர் நிறுத்தினார். வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

"மாமா, போடுங்க. ஒண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணு."

"அக்கா, நீங்களா நம்பர் போடக் கூடாது. நம்பர் ஆபீஸ்தான் குடுக்கணும்."

"உங்க ஆபீஸ் மெஷின்தானே சார் கேக்குது? அதுகிட்ட சண்டை போடுங்க." சுவரைக் காட்டினாள். "நாலாவது வரி. நாங்க கட்டினத நீங்க திருத்தக் கூடாது. நம்பரும் நாங்க கட்டினதுதான்."

வாட்ச்மேன் கதவு கதவாகப் பலகை மாட்டினார். ஒவ்வொரு எண் ஏறும்போதும் அந்த வீட்டுக்காரர், அவர் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர், வாய்விட்டுச் சொன்னார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. "பன்னெண்டு." "பதிமூணு." பதினேழு வந்தபோது தையல்காரி சொல்ல வாயைத் திறந்தாள். கையால் பொத்திக்கொண்டாள். அக்கா சொன்னாள். முப்பத்தொன்று முடிந்து பட்டனை அமுக்கியபோது சிவப்புப் பெட்டி வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மா. இடுப்பு வலி போல, மெல்ல உட்கார்ந்தார். பெரிய திரையில் வரைபடம் வந்தது. ஓரமாக முன்தெருக்காரர்களின் நடைபாதை ஒடுங்கிக்கொண்டு ஓடியது. நடுவில் முப்பத்தொரு வீடு, ஜன்னலுக்கு ஒரு விளக்கு.

"பூங்கா எங்கே?" என்றார் தலைவி.

கழுத்தட்டை தொடங்கினார். "மேடம், இது ஒரு சின்ன..."

"நான் அவங்களக் கேட்டேன்."

தையல்காரி எழுந்தாள். "அம்மா, பூங்கா வேணாம்னு நாங்க சொல்லல. எங்க புள்ளைங்களும் விளையாடணும். எங்க கட்டலாம்னு எங்களக் கேட்டீங்க. நாங்க முதல்ல எங்க கட்ட முடியாதுன்னு காட்டிருக்கோம். மிச்ச இடத்துல எதக் கட்டினாலும் வந்து கல்லு சுமக்கிறோம்."

"ரெக்கார்டுல இது காலி இடம்னு இருக்கே."

"ரெக்கார்டு எழுதினவரு வந்து பாத்து எழுதலம்மா. நாங்க உள்ள நின்னு அளந்தோம். ஒருக்கா தப்பா அளந்தோம், இடிச்சுட்டுத் திரும்பக் கட்டினோம். ஒரு அடி தப்புன்னு காட்டுங்க, நானே எடுத்துடறேன்."

தலைவி சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைப் படித்தார். அவருக்கும் நாலாவது வரியில் பார்வை நின்றது. பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கிசுகிசுத்தார். ஒருவர் தலையை இடம் வலமாக ஆட்டினார், இன்னொருவர் மேலும் கீழுமாக. கடைசியில் தலைவி பேனாவை எடுத்து ஒற்றை வரி எழுதினார். கழுத்தட்டை அதைப் படித்துக் காட்டினார். குரலில் சுரத்து இல்லை. 'குடியிருப்போர் கட்டியபடி, எண் 1 முதல் 31 வரை, நேரில் அளந்து அறிக்கை தருக. அதுவரை பணி நிறுத்தம்.'

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா படியிறங்கும்போது. "இடிக்க மாட்டோம்னு எழுதலயே."

"எழுதல" என்றாள் தையல்காரி. "ஆனா இனிமே புல்ல இடிக்க வர முடியாது. வீட்டத்தான் இடிக்க வரணும். அதுக்கு நோட்டீஸ் வேணும், காரணம் வேணும், ஆள் வேணும். வரட்டும். அதுக்கும் கட்டுவோம்."

அன்றே வெல்டர் சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தான். சிலர் சாக்பீஸ், ஒருத்தி நகச்சாயம். இருட்டுவதற்குள் முப்பத்தொரு கதவிலும் எண் ஏறியது.

புதன்கிழமை இரண்டு சர்வேயர்கள் வந்தார்கள். கையில் டேப், கழுத்தில் அட்டை, கக்கத்தில் காகிதம். காகிதத்தில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை அச்சாகியிருந்தது. பதினேழாவது கதவுக்கு வந்தபோது தையல்காரி மெஷினில் ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைப் பாதி ஓட்டியிருந்தாள். மீதியையும் ஓட்டி, நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

உள்ளே அளந்தார்கள், வெளியே அளந்தார்கள், எழுதினார்கள். இளையவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. வீட்ட மட்டும் எடுக்கணும்."

அவள் நிலைப்படியில் நின்றாள். ஒரு கை கதவில், பதினேழுக்குப் பக்கத்தில்.

"ஆள் தெரியாம எடுக்கணும்மா. அதான் விதி."

"ஆளில்லாம எடுத்தா ஆளில்லாத வீடுன்னு எழுதிடுவீங்க" என்றாள். "இப்படியே எடுங்க."

அவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பதினாலு வீடு பாக்கி.

எடுத்தார்.

பதினெட்டாம் எண் வாசலில், வேலைக்குப் போகாமல், குளித்துத் தலைவாரி, குடும்பம் மொத்தமும் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தது.